‘நீ எப்பவுமே இப்படித்தான்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. வீட்டிலும் வேலையிலும் தினமும் வரும் சின்னச் சின்னச் சண்டைகளில் எப்படிப் பேசுவது, எதிரில் இருப்பவர் பேசுவதை எப்படிக் கேட்பது. தட்டைக் கழுவாமல் போட்டது, பதில் போடாதது, ஒரு வார்த்தை கூடிப்போனது என்று விஷயம் சின்னதுதான், ஆனால் எழுதியவர்கள் அதற்காக ராத்திரி தூங்காமல் புரண்டிருக்கிறார்கள் என்று படிக்கும்போதே தெரிந்தது. அதனால் மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இவற்றுக்கு மட்டும் எழுதுகிறேன்.

என் மகளுக்கு 15 வயது. எதைச் சொன்னாலும் “உங்களுக்கு ஒண்ணும் புரியாது” என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன வாரம் மதிப்பெண் குறைந்ததைப் பற்றிப் பேசினேன். நான் கத்தவே இல்லை. “எப்பப் பார்த்தாலும் போனையே நோண்டிட்டு இருந்தா எப்படி மார்க் வரும்?” என்றுதான் கேட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் எங்கே தவறினேன்?

நீங்கள் கத்தியிருக்க மாட்டீர்கள், நம்புகிறேன். ஆனால் அந்த வாக்கியத்தை ஒரு தடவை தாளில் எழுதிப் பாருங்கள். ‘எப்பப் பார்த்தாலும்’ என்பது ஒரு குற்றச்சாட்டு, ‘நோண்டிட்டு’ என்பது இன்னொன்று, ‘எப்படி மார்க் வரும்?’ என்பது கேள்வி போல ஒலிக்கிற தீர்ப்பு. அதற்கு அவள் என்ன பதில் சொல்ல முடியும்? ‘ஆமாம், தப்பு என்மேல்தான்’ என்று ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ‘எப்பவும் இல்ல, நேத்துகூடப் படிச்சேன்’ என்று வாதாட வேண்டும். மூன்றாவதாக இருந்த ஒரே வழி அந்தக் கதவு.

மார்ஷல் ரோசன்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் (1934–2015) இந்த இடத்தில்தான் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார். 1943-ல் டெட்ராய்ட் நகரில் இனக் கலவரம் வெடித்தபோது அவர் 8 வயதுச் சிறுவன், வீட்டை விட்டு வெளியே வர முடியாமல் அடைந்து கிடந்தவர். ஒருவரை ஒருவர் வெறுக்க வைக்கும் சூழ்நிலையிலும் சிலரால் மட்டும் எப்படிப் பரிவோடு இருக்க முடிகிறது என்ற கேள்வி அவரை விடவே இல்லை. 1960-களில் தொடங்கி அவர் உருவாக்கிய முறைக்கு வன்முறையற்ற உரையாடல் என்று பெயர். காந்தி எந்தப் பொருளில் அகிம்சை என்றாரோ அதே பொருளில்தான் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார். அந்த முறையில் நாலு விஷயம் உண்டு. பார்த்தது என்ன, அதனால் மனதில் எழுந்தது என்ன, அதற்கு அடியில் உள்ள தேவை என்ன, இப்போது கேட்பது என்ன. கேட்க எளிதாக இருக்கும், முதல் படியிலேயே நம்மில் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறோம்.

ஏனென்றால் பார்த்ததையும் நினைத்ததையும் நாம் பிரிப்பதே இல்லை. ஒரு கேமரா அங்கே இருந்திருந்தால் அது எதைப் பதிவு செய்திருக்கும் என்று யோசியுங்கள். ‘எப்பப் பார்த்தாலும்’ என்பதைக் கேமரா பதிவு செய்யாது. ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு உன் ரூம்ல போன் வெளிச்சம் தெரிஞ்சது’ என்பதைப் பதிவு செய்யும். அதை அவளால் மறுக்க முடியாது, மறுக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் அதில் அவளைத் திட்டும் சொல் ஒன்றுகூட இல்லை.

அடுத்தது உங்கள் மனம். கடிதத்தில் கோபம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கோபத்துக்குக் கீழே பயம்தான் இருக்கிறது என்று படுகிறது. அவள் பின்தங்கிவிடுவாளோ, நாளைக்கு அவளுக்கு வழிகள் குறைந்துவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தை அவளிடம் என்றாவது சொல்லியிருக்கிறீர்களா? தமிழில் இதற்கு வசதியான வடிவம் இருக்கிறது, ‘எனக்குப் பயமா இருக்கு’. பயம் எனக்கு இருக்கிறது, அவ்வளவுதான், நீ அதைச் செய்தாய் என்ற பழி அதில் இல்லை. ‘நீ என்னைப் பயமுறுத்தறே’ என்று திருப்பிச் சொன்னால் அதே உணர்வு கல்லாக மாறி அவள்மேல் போய் விழுகிறது. ‘நீ என்னை மதிக்கல’, ‘நீ என்னைக் கண்டுக்கவே இல்ல’ என்பவையும் இந்த வகைதான். உணர்வைச் சொல்வது போல இருக்கும், உள்ளே இருப்பது அவளைப் பற்றிய தீர்ப்பு.

கடைசியில் கேட்பது. ‘ஒழுங்கா இரு’ என்று கேட்டால் யாராலும் செய்ய முடியாது, ஏனென்றால் அது ஒரு செயலே இல்லை. ‘இன்னைக்குச் சாப்பிட்ட அப்புறம் பத்து நிமிஷம் என்கூட உட்கார்ந்து எந்தப் பாடம் கஷ்டமா இருக்குன்னு சொல்றியா?’ என்பதைச் செய்ய முடியும். அவள் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொல்லக்கூடும். அப்போது உங்கள் முகம் மாறினால் நீங்கள் கேட்டது கோரிக்கை இல்லை, கட்டளை. பிள்ளைகள் அதை நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இன்னொன்று. ‘உங்களுக்கு ஒண்ணும் புரியாது’ என்று அவள் சொன்னது உங்களுக்கு அவமரியாதையாகப் பட்டிருக்கிறது. அதையே கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இன்னும் மிச்சம் இருப்பதால்தான் அவள் அப்படிச் சொல்கிறாள். எதிர்பார்ப்பு போய்விட்டவர்கள் ‘சரிம்மா’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள், எனக்கு அந்தச் ‘சரிம்மா’வைப் பார்த்தால்தான் கவலை. அடுத்த தடவை அவள் சொல்லும்போது, ‘நான் புரிஞ்சுக்காமலே பேசறேன்னு கடுப்பா இருக்கா?’ என்று மட்டும் கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். உடனே வராது, பரவாயில்லை.

நீங்கள் சொல்கிற மாதிரி “நீ இப்படிச் செய்யும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, எனக்கு இது தேவை” என்று கணவரிடம் பேசிப் பார்த்தேன். “எந்த வகுப்புக்குப் போயிட்டு வந்தே?” என்று சிரித்துவிட்டார். எனக்கே நாடகம் போலத்தான் இருந்தது. விட்டுவிடலாமா?

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த வாக்கிய அமைப்பு பழகுவதற்காக ஏற்பட்டது, வண்டி ஓட்டக் கற்கும்போது காலைக் குனிந்து பார்த்துப் பார்த்து மிதிப்பது போல. பழகியவர் அப்படிச் செய்ய மாட்டார். வீட்டில் நாம் பேசுகிற பேச்சு வேறு. அங்கே திடீரென்று மேடைத் தமிழில் ‘தேவை’, ‘உணர்வு’ என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் தன்னை யாரோ பரிசோதிக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

வாக்கியத்தை விட்டுவிடுங்கள், அது செய்யும் வேலையை விட்டுவிடாதீர்கள். அந்த வேலையில் பெரும்பகுதி வாயைத் திறப்பதற்கு முன்பே, உங்கள் மனதுக்குள் நடப்பது. எனக்கு இப்போது என்ன ஆகிறது, கோபமா, களைப்பா, தனியாக விடப்பட்ட மாதிரி இருக்கிறதா என்று ஒரு பெயர் வைத்துப் பாருங்கள். பெயர் வைப்பது சாதாரண விஷயம் இல்லை. கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. அந்த உணர்வுக்குச் சொல்லால் பெயர் சூட்டும்போது, ஆபத்தைக் கண்டு அலறும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்ததை அதில் பார்த்தார்கள். அப்புறம் நீங்கள் பேசுவது ‘இன்னைக்கு ரொம்ப முடியல, நீங்க கொஞ்சம் பாத்திரம் கழுவிடறீங்களா?’ என்பதாக இருந்தால் போதும். பார்த்தது, மனநிலை, தேவை, கோரிக்கை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, எந்த வகுப்பு வாசனையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ‘நான்’ என்று ஆரம்பிக்கும் வாக்கியம் எல்லாம் பரிவு ஆகிவிடாது. ‘நான் என்ன நினைக்கிறேன்னா, நீங்க ஒரு சுயநலவாதி’ என்பதும் ‘நான்’ என்றுதான் ஆரம்பிக்கிறது.

சண்டை வந்தால் என் கணவர் பேச்சையே நிறுத்திவிடுவார். சுவரோடு பேசுவது மாதிரி இருக்கும். நான் விடாமல் கேட்கக் கேட்க எழுந்து போய்விடுவார். 12 வருடமாக இதே கதை, சண்டையும் பெரும்பாலும் அதே சண்டைதான். அவருக்கு அக்கறையே இல்லையா?

அக்கறை இல்லை என்ற முடிவுக்கு இப்போதே வர வேண்டாம். வெளியே சுவராக இருப்பவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜான் காட்மன் என்ற உளவியலாளர் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தம்பதிகளை உட்கார வைத்து, அவர்களுக்குள் தகராறு உள்ள விஷயத்தையே பேசச் சொல்லி, அப்போது நாடித்துடிப்பு, வியர்வை எல்லாம் எப்படி மாறுகிறது என்று பல வருடங்கள் பதிவு செய்தார். பேச்சை நிறுத்திக் கல்லாக உட்காருபவர்கள் பலருக்கு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியிருந்தது. அந்த நிலையில் காது கேட்கும், மனதில் ஏறாது. நீங்கள் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அவருக்கு அது சத்தமாக மட்டுமே கேட்கும். இப்படிக் கல்லாகிவிடுவது ஆண்களிடம்தான் அதிகம் என்றும் அவர் கண்டார்.

அதனால் அவர் எழுந்து போவதில் பாதி சரி. மீதிப் பாதி, திரும்பி வருவேன் என்று சொல்லாமல் போவது, அதுதான் உங்களை இவ்வளவு தவிக்க வைக்கிறது. சண்டை இல்லாத ஒரு நாளில் இதைப் பேசி வையுங்கள். யாருக்குத் தலை சூடானாலும் ‘கொஞ்ச நேரம் வேணும், எட்டு மணிக்குப் பேசலாம்’ என்று நேரத்தோடு சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது ஆகும் என்பது காட்மனின் கணக்கு. அந்த 20 நிமிடத்தில் ‘அவ அப்படிச் சொன்னதுக்கு நான் இப்படிச் சொல்லியிருக்கணும்’ என்று ஒத்திகை பார்த்தால் உடம்பு அடங்காது. நடக்கலாம், துணி மடிக்கலாம், பாட்டு கேட்கலாம்.

அதே சண்டை 12 வருடமாக என்று எழுதும்போது வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். தம்பதிகளுக்குள் வரும் தகராறுகளில் 69 சதவீதம் முழுதாகத் தீராதவை, திரும்பத் திரும்ப வருபவை என்பதும் அதே ஆய்வுகளில் வந்த கணக்குதான். ஒருவருக்குச் செலவு செய்தால் நிம்மதி, இன்னொருவருக்குச் சேர்த்தால் நிம்மதி என்று இருந்தால் அது மாறப்போவதில்லை. அதைத் தீர்க்கப் பார்ப்பதைவிட, அதைப் பற்றிப் பேசும்போது ஒருவரை ஒருவர் கேவலப்படுத்தாமல் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். காட்மன் மிகவும் பயந்தது கோபத்தைப் பார்த்து இல்லை, இளக்காரத்தைப் பார்த்து. கண்ணை உருட்டுவது, குத்தலாகச் சிரிப்பது, அவர் குரலிலேயே பேசிக் காட்டுவது. திருமணம் முறிவதற்கு அதைவிடப் பெரிய அறிகுறி அவருக்குக் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் அது இருக்கிறதா என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அலுவலகக் குழுவில் நான் போட்ட நீளமான விளக்கத்துக்கு என் உடன் வேலை செய்பவர் “நல்லது.” என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார். முற்றுப்புள்ளியோடு. நானும் சுருக்கெனப் பதில் போட்டுவிட்டேன். இப்போது இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், இதற்கு வேறு மருந்து இல்லை. எழுத்தில் தொனி போய்ச் சேருவதே இல்லை, ஆனால் சேர்ந்துவிட்டது என்று எழுதியவரும் நினைக்கிறார், படித்தவரும் நினைக்கிறார். 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா உண்மையா என்று படிப்பவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். கண்டுபிடித்தது 56 சதவீதம்தான், காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்திருந்தாலே 50 வந்திருக்கும். அதே வாக்கியங்களைக் குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள்.

‘அன்னைக்கு உங்க பதிலைப் பார்த்ததும் நான் எழுதினது பிடிக்கலையோன்னு தோணிடுச்சு, அதான் வெடுக்குனு எழுதிட்டேன். நிஜமா என்ன நினைச்சீங்க?’ என்று கேளுங்கள். ‘ஏன் அப்படிப் போட்டீங்க?’ என்று மட்டும் ஆரம்பிக்க வேண்டாம், ‘ஏன்’ என்றாலே மனிதன் தற்காப்புக்குப் போய்விடுவான்.

என் நண்பருக்கு வேலை போய்விட்டது. தினமும் பேசி ஆறுதல் சொன்னேன், வேறு வேலைக்கு வழி சொன்னேன், என் கதையையும் சொன்னேன். நேற்று “உன் அட்வைஸ் எனக்கு வேண்டாம்” என்று கத்திவிட்டார். உதவப் போனது தப்பா?

இந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு என் அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது. அம்மா படுக்கையில் இருந்த வருடம் அக்காதான் பார்த்துக்கொண்டாள், நான் வேறு ஊரில். ஒரு நாள் போனில், ‘என்னால முடியலடா’ என்றாள். நான் உடனே, ‘ஒரு ஆளை வெச்சுக்கலாமே, பணம் நான் தரேன்’ என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ‘சரி, வைக்கறேன்’ என்று வைத்துவிட்டாள். நல்லதைத்தானே சொன்னேன் என்று எனக்கும் கோபம். இரண்டு நாள் கழித்து மறுபடி கூப்பிட்டபோது வேறு எதுவும் தோன்றாமல், ‘ராத்திரி தூங்க முடியுதாக்கா?’ என்று கேட்டேன். அவ்வளவுதான். அம்மா ராத்திரி எத்தனை தடவை கூப்பிடுகிறாள், துணி மாற்றும்போது அம்மா வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது, அதைப் பார்க்க இவளுக்கு எப்படி இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினாள். நான் ‘ம்’ தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கடைசியில் அவளாகவே, ‘ஒரு ஆள் பார்க்கலாம்னு சொன்னியே, விசாரிக்கறியா?’ என்றாள்.

நான் முதலில் சொன்ன அதே யோசனைதான். ஆனால் அன்றைக்கு அவள் கேட்க வந்தது யோசனை இல்லை. நாம் ஆறுதல் என்று நினைத்துச் செய்வதில் பலதும் அவர் பேச்சை மூடிவிடுகிறது. வழி சொல்வது, ‘எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்பது, ‘எனக்கு இதைவிடக் கஷ்டம் வந்தது’ என்று நம் கதைக்குத் தாவுவது, ‘அப்பவே சொன்னேனே’ என்பது. இதில் எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்வது இல்லை. அவர் வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நம்மால் முடியவில்லை, அதுதான் காரணம். கார்ல் ராஜர்ஸ் என்ற உளவியலாளர் 1950-களிலேயே சொன்னது, ஒரு மனிதர் மாறுவதற்கு வேண்டியவற்றில் முக்கியமானது, அவர் இருக்கும் இடத்தில் நின்று அவர் பார்ப்பதைப் பார்க்கும் இன்னொருவர். ரோசன்பர்க் அவரிடம் கற்றவர்.

நண்பரிடம் போய், ‘நான் வழி சொல்லியே உன்னைப் பேச விடல, இப்ப கேக்கறேன்’ என்று சொல்லுங்கள். யோசனை இருந்தால் கடைசியில், ‘ஒண்ணு சொல்லட்டுமா, வேண்டாமா?’ என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

குடித்துவிட்டு வந்து கை ஓங்கும் அண்ணனிடமும் பரிவோடுதான் பேச வேண்டுமா?

வேண்டாம். முதலில் நீங்களும் வீட்டில் உள்ள மற்றவர்களும் பத்திரமான இடத்தில் இருக்க வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். கதவைப் பூட்டுவது, அங்கிருந்து போய்விடுவது, அக்கம்பக்கத்தில் சொல்வது, போலீசைக் கூப்பிடுவது எதுவும் பரிவுக்கு விரோதம் இல்லை. ரோசன்பர்க்கே தண்டிப்பதற்காகப் பலத்தைப் பயன்படுத்துவதையும், காப்பதற்காகப் பயன்படுத்துவதையும் தெளிவாகப் பிரித்துத்தான் வைத்தார். ஒருவர் ஏன் அப்படி ஆனார் என்று புரிந்துகொள்வதற்கு, அவர் செய்வதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற அர்த்தமே கிடையாது. நீங்கள் இன்னும் கொஞ்சம் நன்றாகப் பேசியிருந்தால் அவர் கை ஓங்கியிருக்க மாட்டார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

மாமியாரிடம் கோபத்தில் பேசிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன், “அன்னைக்கு எனக்கு உடம்பு சரியில்ல, அதான் அத்தை, மன்னிச்சிடுங்க” என்று. அவர் இன்னும் முகம் திருப்பிக்கொள்கிறார்.

நீங்கள் கேட்ட மன்னிப்பில் இருப்பது முழுக்க உங்கள் உடம்பு, அவர் எங்கும் இல்லை. அவருக்கு என்ன வலித்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் பேசியது என்ன என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள், அதில் எந்த வார்த்தை அவரைத் தைத்தது என்று எழுதவில்லை.

அவர் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். ‘அத்தை, அன்னைக்கு நான் பேசினதுல உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்தது?’ என்று கேளுங்கள். அவர் பழைய கணக்கையெல்லாம் எடுப்பார், அதில் சில நடந்தே இருக்காது, சில வேறு மாதிரி நடந்திருக்கும். திருத்தப் போகாதீர்கள். நாலு பேருக்கு முன்னால் பேசினதுதான் வலி என்று அவர் சொன்னால், ‘அத்தனை பேர் முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவா ஆயிடுச்சு, இல்லையா?’ என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள், அது சரியா என்று அவர் முகத்தில் பாருங்கள். உங்கள் உடம்பு சரியில்லாத விஷயத்தை அன்றைக்கு எடுக்கவே வேண்டாம். இன்னொரு நாள் அவராகக் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.